சுவார்ட்ஸ் ஐயர் சரிதம்

உலகில் பெயர் நிறுவினார் பலவகையர். வாளால் நிறுவினாரும் உளர். பொருளால் நிறுவினாரும் உளர். கல்வியால் நிறுவினாரும் உளர். தம் வாய்ச்சொல் ஒன்றனையே முதற்பொருளாகக் கொண்டு, அஃது ஒருநாளும் பொய்யாமையால் மன்னரும் குடிகளும் பகைவரும் ஒருங்கே நம்ப வாழ்ந்து பெயர் நிறுவினார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானிய குருவாவர். தஞ்சை நாட்டார் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்று வழங்குவர். அவர் வரலாற்றை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கக் கருதினேம்.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலைச்சாரலிலும் வாழும் நமக்குத் தஞ்சையில் வாழ்ந்த பாதிரியார் ஒருவரால் ஆவது என்னை எனச் சிலர் வினவலாம். அதற்கு விடை கூறுவாம். அவர் இந்திய மண்ணில் முதன்முதற் கால்வைத்த இடம் கடலூர்த் துறை. 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான நம் கள்ளக்குறிச்சி, நெடுங்காலம் அக்கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவர் தணிக்க முயன்ற போர், நம் மலைக்கு வடபால் உள்ள செங்கம் கணவாய் வழியாகக் கருநாடகச் சீமையுள் இறங்கியது. நம் தியாகதுருகக் கோட்டையும் அக்காலத்துப் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலர், ஐதர் என்னும் மூவர் கையிலும் மாறிமாறி அகப்பட்டு அல்லலுற்றது. இவற்றினும் மேலாகியதொரு காரணமும் உண்டு. சமூகம் ஒன்றனைத் தாங்குவது பணமோ, எண்ணிக்கையோ, பிறர் நம்மீது வைக்கும் நம்பிக்கையோ என்னும் கேள்விக்கு அவர் வாழ்வு தெளிந்த விடையாக நிற்கின்றது. நம் சங்கத்துள் கிறிஸ்தவரும் உளர். பிற சமயத்தவரும் உளர். நற்குணம் எல்லார்க்கும் பொதுவாகலின், இவ்வரலாறு அனைவர்க்கும் உரியதே.

பிறப்பும் கல்வியும்

பிரஷிய தேசத்துப் பிராண்டன்பர்க் நாட்டைச் சார்ந்த சொன்னன்பர்க் என்னும் சிற்றூரில் 1726-ஆம் ஆண்டில் ஐயர் பிறந்தார். அவ்வூர் இக்காலத்துப் போலந்து நாட்டின்கண் உள்ளது. அவர் குழவியாய் இருந்தபொழுதே அன்னையார் உயிர் நீத்தார். நீக்குமுன் தம் கணவரையும் ஊர்க் குருவையும் அருகழைத்து, இம்மகனைத் தாம் இறைவன் தொண்டிற்கு நேர்ந்துள்ளமையை அறிவித்து, அவனுக்கு அவ்வழியில் நாட்டம் உண்டாயின் தடுக்கலாகாது என்று வேண்டினர். தந்தையாரும் அவ்வண்ணமே மகனை எளிமையிற் பழக்கி வளர்த்தனர்.

1746-ஆம் ஆண்டில் ஹாலே நகரத்துக் கல்விக்கழகத்தை அடைந்தார். அந்நகரம் தமிழர் நினைவுகூரத் தக்கது. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் முதலாயினார் அந்நகரிலேயே பயின்றவர். தமிழகத்தில் பல்லாண்டு தொண்டாற்றி மீண்ட சூல்ட்சே ஐயர் அக்காலத்து ஆங்கிருந்து தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அப்பணியில் உதவும்பொருட்டுச் சுவார்ட்ஸ் தமிழ் கற்கலாயினர். கடல்கடந்த நாட்டுத் தொண்டிற்கு ஆள் வேண்டுமென்று கேள்வியுற்றபொழுது, தாமே முன்வந்தார். தந்தையார் சில நாள் ஆராய்ந்து இசைவளித்தனர். தமக்குரிய தந்தைவழிச் சொத்தை உடன்பிறந்தார்க்கே விட்டுவிட்டு, வெறுங்கையராய்ப் புறப்பட்டார். பின்னாளில் அரசர் பொற்கிழி நீட்டியபோதும் அவர் கை மடங்கியே நின்றதற்கு வித்து இந்நாளில் இடப்பட்டது போலும்.

தமிழகம் புகுந்தது

கோபன்ஹேகன் நகரில் 1749-இல் குருப்பட்டம் பெற்று, லண்டன் வழியாகக் கப்பலேறி, 1750-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கடலூர்த் துறையில் இறங்கி, அத்திங்களிறுதியில் தரங்கம்பாடியை அடைந்தார். வந்த நான்கு திங்களுள், நவம்பர் மாதத்தில், சீகன்பால்கு ஐயர் எடுப்பித்த கோயிலில் தமிழில் பிரசங்கம் செய்தனர். ஹாலேயில் இட்ட அடிப்படை உறுதியாயிருந்தமையின் இஃது இயன்றது.

தமிழைப் பேசுமளவிற்குக் கற்று அவர் நின்றுவிடவில்லை. இந்நாட்டார் எண்ணம் யாது, எதனை நம்புகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பன அறியாமல் அவரிடைப் பேசுதல் வீண் என்று கருதி, தமிழ் நூல்களைப் பல்லாண்டு பயின்றார். பின்னர்த் தெலுங்கு, மராட்டி, இந்துஸ்தானி, பாரசீகம், போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளையும் தேவைக்கேற்பக் கற்றனர். அரசனிடம் பேச ஒரு மொழி, படைவீரனிடம் பேச ஒரு மொழி, உழவனிடம் பேச ஒரு மொழி என அவரவர் மொழியிலேயே சென்று அணுகுதல் அவர் இயல்பாயிற்று. பிறன் மொழியைக் கற்க அமர்பவன் அவன்முன் மாணாக்கனாகின்றான். பணிவின் முதற்படி இஃதென்பது தமிழாசிரியராகிய எமது துணிபு.

திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த எளிய வாழ்வு

தரங்கம்பாடியில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தொண்டாற்றியபின், 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு நடந்தே சென்றனர். அவ்வூரில் ஆங்கிலர் படை தங்கியிருந்தது. அவர் சென்ற தொடக்க ஆண்டுகளில் கோட்டையின் வெடிமருந்துச்சாலை வெடித்துப் பலர் மாண்டனர். தந்தை தாயரை இழந்த குழந்தைகளுக்கென ஐயர் பள்ளி ஒன்று தொடங்கினர். 1764-ஆம் ஆண்டு மதுரை முற்றுகையிற் புண்பட்ட வீரர்க்கு அருகிருந்து பணிவிடை செய்தனர். அதுகண்டு மகிழ்ந்த ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி பொருட்பரிசு நல்க, அதனைப் பள்ளிக்கே அளித்தனர். 1766-இல் திருச்சிக் கோட்டையுள் அவர் முயற்சியாற் கட்டப்பெற்ற கிறிஸ்து நாதர் ஆலயம் இன்றும் நிலவுகின்றது.

அந்நாளில் அவர் வாழ்ந்த வாழ்வை நேரிற் கண்ட ஆங்கிலர் ஒருவர் எழுதி வைத்துள்ளார். பழைய கட்டடம் ஒன்றில் ஒரே அறை. அவ்வறையும் கட்டிலும் ஆளும் கொள்ளுமளவே. தமிழ்நாட்டு முறையிற் சமைத்த சோறும் கறிகாயுமே உணவு. உள்ளூரில் நெய்து கறுப்புச் சாயமிட்ட முரட்டுத் துணியே உடை. திங்களொன்றுக்குப் பத்து வராகன் வருவாயே அவர்க்குப் போதியதாயிருந்தது. 1768 முதல் படைத்தளத்துக் குருவென்னும் முறையில் கும்பெனியார் ஆண்டிற்கு 100 பவுன் சம்பளம் கொடுத்தபொழுதும் அவ்வறையும் அவ்வுணவும் மாறவில்லை. சம்பளத்திற் பாதி பள்ளிக்கும் ஏழையர்க்கும் சென்றது. கும்பெனி உத்தியோகஸ்தர் பலர் சில ஆண்டுகளிற் பெருஞ்செல்வராகிக் கப்பலேறிய காலம் அது. அத்தகைய காலத்தில், அவருடனே உண்டு உறவாடியும் கையில் மாசு படியாது நின்றமையே பிற்காலத்து அவர்க்கு வந்த மதிப்பிற்கெல்லாம் முதற்காரணம் என்க.

ஐதரிடம் தூது

1778-இல் ஐயர் தஞ்சாவூரைத் தம் இருப்பிடமாக்கினார். மறு ஆண்டு, 1779-இல், சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்து, மைசூர் ஐதரலியிடம் சமாதானத் தூது செல்ல வேண்டினர். போருக்கு ஐதர் ஆயத்தஞ்செய்யும் செய்தி பரவியிருந்த நேரம் அது. ஆங்கிலர் சொல்லில் ஐதருக்கு நம்பிக்கை இல்லை. இக்குருவின்பால் நம்பிக்கை உண்டு. ஐயர் மூன்று காரணங் கருதி இசைந்தனர். சமாதானம் செய்தல் இறைவனுக்கு உகந்தது. செல்லும் வழியெல்லாம் நற்செய்தி கூறலாம். கும்பெனியார் தமக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறும் ஆகும். ஆயின் வழிச்செலவு நீங்கலாக யாதொரு பரிசும் பெறுவதில்லை என்று உறுதி செய்துகொண்டே புறப்பட்டார்.

சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரைத் தம் அருகில் இருத்தி உரையாடினர். ஐதர் படையில் இருந்த ஐரோப்பிய வீரர்க்கு ஐயர் வழிபாடு நடத்தவும் தடையில்லை. விடைபெறும்பொழுது ஐதர் 300 ரூபாய் கொண்ட பை ஒன்றனை வழிச்செலவிற்கெனத் தந்தனர். மறுத்தல் அவமதிப்பாகும் என்று பெற்றுக்கொண்ட ஐயர், அதனை அப்படியே சென்னை அரசினரிடம் ஒப்புவித்தார். அவர்கள் திரும்பக் கொடுத்தபொழுது, தஞ்சையில் அநாதைக் குழந்தைகள் பள்ளிக்கு அதனை முதலாக வைத்தனர்.

அத்தூது போரைத் தடுக்கவில்லை. 1780-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐதர் படை மலைகளைக் கடந்து சமவெளியில் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, கால்நடைகள் கொள்ளைபோயின. தூது தோற்றதேனும் தூதர் தோற்றிலர். எரிந்த நாட்டினூடே ஐயர் விரும்பிய இடமெல்லாம் தடையின்றிச் செல்லவும், அவர்க்குத் தீங்கு நேராமற் காக்கவும் ஐதர் தம் சேனைத்தலைவர்க்குக் கட்டளையிட்டிருந்தனர். தம் பகைவர் அனுப்பிய தூதுவருக்குப் போர் மூண்டபின்னும் ஒரு மன்னர் இவ்வாறு இடங்கொடுத்தது வரலாற்றில் அரிதாகக் காணும் காட்சியாம்.

பஞ்ச காலத்துப் பணி

போர்க்காலத்துத் தஞ்சைக் கோட்டையின் நிலையை எண்ணினும் நெஞ்சு நடுங்கும். சுற்றுக் கிராமத்தார் உயிர்பிழைக்கக் கோட்டையுட் புகுந்தனர். உள்ளே உணவில்லை. தெருக்களில் காலைதோறும் பிணங்கள் கிடந்தன. வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதனைக் கொண்டுவரப் பொதிமாடு இல்லை. மாடு உடையவர் இருந்தும் கொடுக்க முன்வந்திலர். என்னை? முன்னர் அரசனுடைய அதிகாரிகள் மாடும் நெல்லும் வாங்கிக்கொண்டு விலை கொடாது ஏமாற்றியிருந்தனர். மீண்டும் அரசன் ஆணை பிறந்தது; ஒருவரும் அசைந்திலர். கும்பெனியார் கேட்டனர், அதற்கும் ஒருவரும் அசைந்திலர்.

முடிவில் அரசன் துளஜாஜி, தன் சொல்லை நம்பாத குடிகள் ஐயர் சொல்லை நம்பக்கூடும் என்று கருதி, அவரை வேண்டினன். ஐயர் விலைக்குத் தாமே பிணை என்று ஊர்தோறும் ஓலை எழுதி அனுப்பினார். இரண்டு மூன்று நாளில் 1,000 மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டையுள் வந்தது. கோட்டை பிழைத்தது, பல்லாயிரம் உயிர் பிழைத்தன. ஐயர் சொன்னபடியே ஒவ்வொருவர்க்கும் உரிய பணத்தைத் தம் கையால் எண்ணிக் கொடுத்து, நன்றி கூறி அனுப்பினார்.

இதனை நம் அன்பர் சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றேம். அரசனிடம் கருவூலம் இருந்தது. கும்பெனியாரிடம் பீரங்கி இருந்தது. ஓர் அறையில் வாழ்ந்த குருவிடம் இரண்டும் இல்லை. ஆயினும் நெல்லை வருவித்தது அவர் சொல்லே. முப்பது ஆண்டு பொய்யாது வாழ்ந்த வாழ்வின் பயன் ஒரு பஞ்சநாளில் நெல்லாக வந்து விளைந்தது. இன்னொன்றும் உண்டு. போர் தொடங்குமுன் நெல் மலிவாயிருந்தபொழுதே ஐயர் ஒரு பகுதி வாங்கிச் சேமித்திருந்தனர். பசித்தோர்க்கு நாள்தோறும் ஆக்கிப் படைக்க அது பயன்பட்டது. விலையேற்றத்திற் பொருளீட்டவே பிறர் நெல்லைப் பதுக்குதல் அன்றும் இன்றும் காணும் வழக்கு. இவரோ கொடுக்கும்பொருட்டே சேர்த்தனர்.

ஓடிய குடிகள் மீண்டது

போர் ஓய்ந்தபின்னும் தஞ்சைக் குடிகட்கு ஓய்வில்லை. மகனையும் மகளையும் பேரனையும் இழந்த துளஜாஜி அரண்மனையுள் அடைந்துகிடக்க, அமைச்சன் ஒருவன் குடிகளை வருத்தினான். உழவர்க்கு உரிய வாரம் கொடுபடவில்லை. நிலத்தை விட்டுப் பல்லாயிரவர் அயல்நாடு புகுந்தனர். காவிரி பாயும் வயல்கள் கரம்பாயின. நம் மலைநாட்டுப் பெரியோர்க்கு இத்துன்பம் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. கல்வராயன் மலையின் ஜாகீர்களை 1976-ஆம் ஆண்டில் அரசினர் ஏற்றுக்கொள்ளும்வரை, உழுதவன் ஒருவன், உரிமை கொண்டாடியவன் மற்றொருவன் என்னும் நிலை நம் கண்முன்னும் இருந்ததன்றோ?

கும்பெனியார் அரசனை நெருக்க, அரசன் நீதி செய்வதாக அறிவித்தான். குடிகள் நம்பிலர். மீண்டும் ஐயரையே நாடினர். அரசன் சொல்லுக்குத் தாம் பொறுப்பு என்று அவர் செய்தி அனுப்பிய உடனே 7,000 பேர் ஒருங்கு திரும்பினர், பிறரும் பின்தொடர்ந்தனர். பருவம் பிந்திவிட்டது. உழவைத் தொடங்குமாறு ஐயர் வேண்ட, அவர் தம்மேல் வைத்த அன்பிற்கு ஈடாக இரவும் பகலும் உழைப்போம் என்று கூறி உழைத்தனர். அவ்வாண்டின் விளைவு முன்னைய ஆண்டினும் மிக்கதாயிற்று.

பள்ளிகளும் மாணாக்கரும்

தஞ்சையில் ஆங்கிலப் பிரதிநிதியாயிருந்த ஜான் சலிவன் என்பாரோடு கலந்து, தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை என்னும் மூன்றிடத்தும் ஐயர் பள்ளிகள் நிறுவினர். 1787-இல் கும்பெனி இயக்குநர் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டிற்கு 250 வராகன் மானியம் வழங்க ஆணையிட்டனர். இந்நாட்டுச் சிறுவர்க்கென ஏற்பட்ட ஆங்கிலப் பள்ளிகளுள் இவை மிகப் பழையன. அப்பள்ளிகளில் எல்லா வகுப்புச் சிறுவரும் பயின்றனர். மதமாற்றத்திற்கு அவற்றைத் தூண்டிலாகப் பயன்படுத்தலாகாது என்பதில் ஐயர் உறுதியாயிருந்தனர்.

தமிழன்பர் மறவாதிருக்கவேண்டிய செய்தி ஒன்றும் ஈண்டு உண்டு. திருநெல்வேலிச் சீமைக்குச் சென்ற ஐயர், ஆங்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, அவன் அறிவுக்கூர்மையை வியந்து, தந்தையின் இசைவுபெற்றுத் தஞ்சைக்கு அழைத்துவந்து மகனைப்போற் பேணிக் கல்வி பயிற்றினர். அச்சிறுவரே பிற்காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி முதலியன இயற்றிய வேதநாயக சாஸ்திரியார். 1774-இற் பிறந்து 1864 வரை வாழ்ந்த அப்புலவரால் கிறிஸ்தவத் தமிழ் வளம்பெற்றது. தாம் நூல் செய்து புகழ்பெறாது, நூல் செய்வாரை உண்டாக்குதலும் ஒருவகைத் தமிழ்த்தொண்டே.

நற்செய்தி உரைத்த முறை

இத்துணை உலகக் காரியங்களிற் புகுந்தும், தம் தொழில் நற்செய்தி உரைத்தலே என்பதை ஐயர் ஒருநாளும் மறந்திலர். காலைதோறும் உபதேசிமார் அவரிடம் கூடுவர். வழிபாட்டின்பின் இன்னார் இன்ன ஊர்க்குச் செல்க என்று பிரித்தனுப்புவர். மாலையில் மீண்டு வந்து கண்டதும் கேட்டதும் கூறுவர். ஐயரும் மரநிழலிலும் சத்திரத் திண்ணையிலும் அமர்ந்து, வருவார் போவாரோடு உரையாடுவர். அந்தணரும் உழவரும் முகம்மதியரும் அவரோடு வாதிட்டனர். வாதத்தில் வெல்வதற்காக அவர் கடுஞ்சொல் வழங்கினார் அல்லர். அவர் சமயத்தை ஏற்காதோரும் அவர் முகங்கண்டு மகிழ்ந்து சென்றனர்.

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் அந்தண விதவை, ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு வாழ்ந்திருந்தபொழுது ஞானஸ்நானம் வேண்டினர். அந்நிலையில் தருதல் இயலாது என்று ஐயர் மறுத்தனர். அத்தலைவர் இறந்தபின், 1778-ஆம் ஆண்டில் அவர் வேண்டுகோளை ஏற்றனர். அவ்வம்மையார் முயற்சியால் 1785-இல் பாளையங்கோட்டையில் ஆலயம் எழுந்தது. 1790-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சத்தியநாதன் என்னும் தமிழருக்குத் தஞ்சையில் குருப்பட்டம் அளித்து, ஐயர் அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பினர். வெளிநாட்டார் சென்று ஆளவேண்டும் என்று கருதாது, இந்நாட்டாரையே பொறுப்பில் நிறுத்தியது அவர் அடக்கத்திற்கு மற்றொரு சான்று.

சாதியும் சபையும்

சாதிச் சங்கத்தின் இதழில் எழுதும் யாம் இவ்விடத்து ஒன்றை மறைத்தல் தகாது. ஐயரின் சபைகளில் எல்லா வகுப்பாரும் ஒரே கூரையின்கீழ்க் கூடினர். ஆயின் உயர்ந்தோர் எனப்பட்டார் ஒருபுறமும் தாழ்ந்தோர் எனப்பட்டார் மற்றொருபுறமுமாகத் தனித்தனி இருந்தனர். ஐயர் அதனை வன்மையால் ஒழிக்க முற்பட்டிலர். போதனையாலும் பழக்கத்தாலும் நாளடைவில் தானே தேயும் என்று எண்ணினர். அவர் எண்ணியபடி அது தேயவில்லை. அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டு கழிந்தபின், 1833-இல், டேனியல் வில்சன் அத்தியட்சர் சபையுள் சாதிவேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபொழுது, தஞ்சைச் சபை பிளவுண்டது. ஐயர் அருமையாக வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்தைக் காக்க நின்றவர்களுள் ஒருவர்.

கும்பெனியின் செல்வத்திற்கும் மன்னரின் பரிசிற்கும் வளையாத ஒருவர், அடுத்தடுத்து அமர மறுத்த அடியார்முன் பொறுமை காட்டினர். அப்பொறுமையின் விலையைக் கொடுத்தவர் பின்வரிசையில் அமர்ந்தவரே. பெரியோரிடத்தும் காலத்தின் எல்லை உண்டு. அவ்வெல்லையைச் சுட்டுதல் அவரை இகழ்தலாகாது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நாம் மேற்செல்ல வேண்டியுள்ளது என்பதை உணர்தலேயாம். சங்கம் என்பது தன் மக்கட்குக் கல்வியும் உதவியும் தேட அமைந்ததாயின் நன்று; பிறரைக் கீழ் நிறுத்த அமைந்ததாயின், எத்துணைக் கோயில் கட்டினும் அதனால் பயனில்லை.

சரபோஜியைக் காத்தது

1787-இல் துளஜாஜி இறக்குந்தறுவாயில், தாம் தத்தெடுத்த பத்துவயதுச் சிறுவன் சரபோஜியை ஐயர் கையில் ஒப்புவித்து, அவனுக்கும் நாட்டிற்கும் காவலராயிருக்க வேண்டினர். நாட்டையாளும் அதிகாரம் தாமே தேடிவந்த நேரம் அது. ஐயர் ஏற்றிலர். அரசன் தம்பி அமர்சிங்கே அதற்குரியவர் என்று கூறிவிலகினர். பின்னர்த் தத்து செல்லாதென்று பண்டிதர் சிலர் கூற, அமர்சிங் அரசரானார்.

சிறுவன் நிலையோ இரங்கத்தக்கதாயிற்று. அவனை அடைத்துவைத்துக் கல்வியும் கொடாது வருத்தினர். இதனை அறிந்த ஐயர் வாளா இருந்திலர். கும்பெனியாரிடம் மீளமீள முறையிட்டு, 1793-இல் சரபோஜியையும் துளஜாஜியின் தேவியரையும் சென்னைக்கு அழைத்துச் சென்று பாதுகாத்தனர். ஆங்குக் கெரிக்கே ஐயரிடம் சரபோஜி கல்வி பயின்றார். தத்து செல்லும் என்பதை நிலைநாட்ட ஐயர் பல விண்ணப்பம் எழுதினர். அதன் பயனாக 1798-ஆம் ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். அதனைக் காண ஐயர் உயிரோடிருந்திலர். சரசுவதி மகால் நூல்நிலையத்தை வளம்படுத்தி நமக்கு வைத்துச்சென்ற மன்னர் இவரே. அவர் கிறிஸ்தவராகவில்லை, ஆகாமையால் ஐயர் அன்பு குறையவும் இல்லை. கைம்மாறு கருதாத அன்பிற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறைவு

1798-ஆம் ஆண்டு பெப்ருவரி 13-ஆம் நாள், எழுபத்தொன்றாம் வயதில், தஞ்சையில் ஐயர் இறைவனடி சேர்ந்தார். மணம்புரியாது வாழ்ந்த அவர்க்கு மகனாய் வளர்ந்த கோலாப் ஐயரும், கெரிக்கே ஐயரும் அருகிருந்தனர். தாம் சிக்கனமாய் வாழ்ந்து மிச்சப்படுத்திய பொருளையெல்லாம் தொண்டிற்கும் ஏழையர்க்குமே எழுதிவைத்தனர். சரபோஜி வந்து முகம் பார்த்து அழுது, பொற்பட்டாடை போர்த்தினர். ஏழையரின் அழுகுரலால் இறுதிச் சடங்கிற் பாடவும் இயலாதாயிற்று என்பர்.

சரபோஜி ஆங்கிலத்தில் தாமே பாட்டியற்றி ஐயர் கல்லறையிற் பொறிப்பித்தார். மேலும், பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பியைக்கொண்டு சலவைக்கற் சிற்பம் ஒன்று செய்வித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் நிறுவினர். படுக்கையிற் கிடக்கும் ஐயர் கரத்தை அரசர் பற்றிநிற்பதாக அஃது அமைந்துள்ளது. கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவரைப் பேண அறநிலையமும் ஏற்படுத்தினர். கும்பெனியாரும் சென்னைக் கோட்டைப் புனித மரியாள் ஆலயத்தில் ஐயர்க்கு நினைவுச்சிற்பம் வைத்தனர். தஞ்சைக்குச் செல்லும் அன்பர் பெரிய கோயிலைத் தொழுதபின், அதன் அண்மையில் சிவகங்கைத் தோட்டத்தை அடுத்துள்ள அவ்வாலயத்தையும் தம் மக்கட்குக் காட்டுவாராக.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கன மூன்று. பணிவு என்பது தலைதாழ்த்தி நிற்றலன்று. தனக்கென ஒன்றும் வேண்டாமையால் யார்முன்னும் நிமிர்ந்து நிற்கும் ஆற்றலே அது. நற்செயல் என்பது விழாநாளில் விளம்பரத்தோடு செய்வதன்று. நெல் மலிவாயிருக்கும் நாளிலேயே பஞ்சத்தை எண்ணிச் சேர்த்துவைப்பது. சமயம் பரப்புதல் என்பது பிறரை வெல்லுதலன்று. தம் வாழ்வைப் பிறர் படித்துப்பார்க்கத் திறந்துவைப்பது. கிறிஸ்தவரல்லாதாரும் இம்மூன்றையும் மறுக்கார்.

நம் சங்கத்தார் திரட்டும் நிதியில் ஒரு காசும் வழிதவறாதிருத்தல் வேண்டும். கொடுப்பதாகச் சொன்ன படிப்புதவி சொன்ன நாளில் மாணாக்கர் கையிற் சேர்தல் வேண்டும். வெள்ளிமலையிலிருந்து இறங்கிவரும் மலைவாழ் மாணவனும் நம் பிள்ளையோடு ஒரே பந்தியில் உண்ணுதல் வேண்டும். இவற்றைச் செய்வோமாயின், நம் ஓலைக்கும் ஒருநாள் ஆயிரம் மாடுகள் வரும்.